நம் பிள்ளைக்கு யாரைத் தெரியும்?



அண்மையில் ஒரு தோட்டக் கமிட்டிக் கூட்டம் முடிந்து, வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா எங்களிடம் வந்து நின்றார். கையில் மகள் எழுதிய கடிதம். மகள் பல்கலைக்கழகத்தில் ஹோட்டல், சுற்றுலா முகாமைத்துவம் படிக்கிறாள். இனி அவள் ஏதாவது ஒரு ஹோட்டலில் சில மாதங்கள் பயிற்சி பெற வேண்டும். பயிற்சி இடத்தைப் பெரும்பாலும் மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"தலைவரே, கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்கு மாமா இருக்காரு, சித்தப்பா இருக்காரு. போன் போட்டுச் சொல்லிட்டாங்களாம். நம்ம பிள்ளைக்கு யாரைத் தெரியும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

அன்று எங்களிடம் பதில் இல்லை. சம்பளம், வீடு, காணி, மருத்துவம் என்று எதைக் கேட்டாலும் நாங்கள் உடனே பேசுவோம். அவற்றுக்கு மனு எழுதத் தெரியும், ஊர்வலம் போகத் தெரியும். ஆனால் இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பங்களாவில் தொடங்கிய வேலை

விருந்தினரைக் கவனிக்கும் தொழில் நமக்குப் புதியது என்று யாரும் சொல்ல முடியாது. துரை பங்களாவில் சமைத்த அப்பு யார்? வெள்ளை உடுப்புப் போட்டு மேசையில் பரிமாறியவர் யார்? படுக்கை விரித்தவர், குளிக்க வெந்நீர் வைத்தவர், முற்றத்தில் ரோசாப்பூ வளர்த்தவர் யார்? தலைமுறை தலைமுறையாகப் பல தோட்டங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்கள் நம் லயத்து ஆட்கள். துரைக்கு எந்த நேரம் தேத்தண்ணி வேண்டும், வந்திருக்கும் விருந்தினருக்கு எது பிடிக்காது என்று வாய் திறந்து கேட்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்துப் பட்டம் கொடுக்கிறார்கள்.

ஆனால் நம் ஆட்கள் பங்களாவுக்குள் போனதும் வந்ததும் பின்கதவால்தான். கணக்கு, நிர்வாகம், முடிவெடுப்பது எல்லாம் முன்பக்கத்து அறையில் நடந்தது. அந்த அறைக்குள் நாம் தட்டு ஏந்தித்தான் போனோம்.

இன்று அதே பங்களாக்கள் பல ஹோட்டல்களாகிவிட்டன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலை ஸ்டோர் 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் வெளிநாட்டு விருந்தினர் தங்கும் இடங்களாக இருக்கின்றன. எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா எங்கும் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ விடுதிகள். 1921 இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் கூட்டம் நமக்குத் தெரியும். தம்பேதன்னை மலையில் லிப்டன் இருந்து பார்த்த இடத்துக்கு விடியற்காலையில் ஏறிப் போகும் வாகனங்கள் நம் லயங்களின் ஓரமாகத்தான் போகின்றன.

2018 இல் இந்த நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிப்பு, அடுத்து கொரோனா, அதற்கடுத்து 2022 பொருளாதார நெருக்கடி என்று எல்லாம் சரிந்தது. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெருந்தொகையானோர் மலைநாட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் பார்க்க வருவது நம் முப்பாட்டன் காடு வெட்டி நட்ட தேயிலையை. படம் பிடிப்பது கூடை சுமக்கும் நம் அம்மாவை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். ஆடம்பர பங்களாக்களில் ஓர் இரவு தங்குவதற்கு வாங்கும் பணம், நம் வீட்டில் ஒருவர் மாதம் முழுவதும் பேர் போட்டு வாங்கும் சம்பளத்தைவிட அதிகம்.

இந்தத் தொழிலில் நம் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. அந்த இடம் பின்கதவுப் பக்கம் மட்டும் இருந்தால் போதாது என்பதே நமது கருத்து.

அது என்ன படிப்பு?

பல பெற்றோருக்கு இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாது. "ஹோட்டல் படிப்பு" என்றால் சமையல் பழகுவது என்று நினைக்கிறோம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில் பசறை வீதியில் இருக்கிறது. அங்கே விருந்தோம்பல், சுற்றுலா, நிகழ்ச்சி முகாமைத்துவத்துக்குத் தனிப் பட்டம் உண்டு. பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும், மிஹிந்தலையில் உள்ள ரஜரட்ட பல்கலைக்கழகத்திலும் சுற்றுலா, விருந்தோம்பல் பட்டப்படிப்பு இருக்கிறது. இவை அரச பல்கலைக்கழகங்கள். படிப்புக் கட்டணம் இல்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதி வழங்குகிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். எந்தப் பாடநெறிக்கு என்ன தகைமை என்பது ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வோர் ஆண்டும் அச்சாகிறது. பிள்ளை உயர்தரம் எழுதும்போதே அந்தக் கைநூலை வாங்கி ஆசிரியரோடு இருந்து வாசியுங்கள். பரீட்சை முடிந்த பிறகு அவசரத்தில் வாசித்துத் தவறான தெரிவு போட்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

இந்தப் பட்டத்தில் சமையலறை, பரிமாறல், அறைப் பராமரிப்பு, முன்வரவேற்பு எல்லாம் கற்பிக்கிறார்கள். அதோடு கணக்கியல், சந்தைப்படுத்தல், ஆளணி முகாமைத்துவம், நிகழ்ச்சி ஒழுங்கமைப்பு, வெளிநாட்டு மொழி ஆகியவையும் வரும். படிப்பு ஆங்கிலத்தில். நான்கு வருடம் படித்து வெளியே வருகிறவர் ஹோட்டலை நடத்தும் வேலைக்குத் தயாராக வருகிறார்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. 1964 இல் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய அரச நிறுவனம்தான் இன்றைய இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம். பண்டாரவளையிலும் கண்டியிலும் அதற்குக் கிளைகள் உண்டு. சான்றிதழ்ப் பயிற்சியில் தொடங்கி மேலே போகலாம். தேசிய தொழில் தகைமையில் 7 ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். சமையலறையில் பாத்திரம் கழுவும் பிள்ளைகூட வேலை செய்துகொண்டே ஒவ்வொரு மட்டமாக ஏற முடியும். அந்தத் தகவல் நம் தோட்டங்களுக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் கவலை.

வகுப்பறைக்கு வெளியே நடக்கும் பாதிப் படிப்பு

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

இந்தத் துறையில் படிப்பு பாதி, பழக்கம் பாதி. மருத்துவம் படித்தவருக்கு அரசு நியமனம் தருகிறது. ஹோட்டல் படித்தவருக்கு அப்படி இல்லை. ஹோட்டல்களில் பல வெற்றிடங்கள் பத்திரிகையில் வருவதற்கு முன்பே நிரம்பிவிடும். "நல்ல பிள்ளை ஒருத்தர் இருக்காரா?" என்று ஒரு முகாமையாளர் இன்னொருவரைக் கேட்பார். அந்த நேரத்தில் யாருடைய பெயர் வாயில் வருகிறதோ அவர் உள்ளே போவார். பல்கலைக்கழகங்களுக்கும் இது தெரியும். ஆகவேதான் அங்கே மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. செப்டெம்பர் 27 உலக சுற்றுலா தினத்தில் விழா நடத்துகிறார்கள். ஹோட்டல் முகாமையாளர்களை அழைத்துப் பேச வைக்கிறார்கள். களப் பயணம் போகிறார்கள். ஒரு நிகழ்ச்சியை மாணவர்களே ஒழுங்கு செய்யும்போது அனுசரணை கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், கம்பனிகளுக்குப் போன் பேச வேண்டும், வந்த விருந்தினரை வரவேற்று உட்கார வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிற மாணவரைப் பத்து முகாமையாளர்கள் பெயர் சொல்லி அறிந்துகொள்கிறார்கள். கதிரை அடுக்கிவிட்டுப் பின்வரிசையில் நிற்கும் மாணவரை யாரும் அறிவதில்லை.

நம் பிள்ளைகள் பலர் அந்தப் பின்வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் பேசிய மாணவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். ஒரு தம்பி, கறுப்புச் சப்பாத்தும் கோட்டும் இல்லாததால் இரண்டு வருடம் எந்த விழாவுக்கும் முன்னால் போகவில்லை. ஒரு தங்கச்சி, ஆங்கிலத்தில் பிழை வந்துவிடும் என்று கேள்வி கேட்க எழுந்து நின்றதே இல்லை. சிங்களம் சரளமாக வராததால் விடுதியில் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் இருந்துவிட்டதாக இன்னொருவர் சொன்னார். முகவரி கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்வதாக ஒருவர் சொன்னபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

இது அந்தப் பிள்ளைகளின் குறையா? 1945 இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். மற்றவர்களின் மாமாவும் சித்தப்பாவும் வங்கியிலும் ஹோட்டலிலும் அமைச்சு அலுவலகத்திலும் உட்கார்ந்த காலத்தில் நம் மாமாவும் சித்தப்பாவும் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்றார்கள். தெரிந்தவர் இல்லாமல் போனது அப்படித்தான்.

நமக்கும் ஒரு காலத்தில் அறிமுகக் கடிதம் இருந்தது. அதற்குப் பெயர் துண்டு. கங்காணியிடம் எவ்வளவு கடன் என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்தில் வேலை கேட்க முடியாது. 1921 இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நமக்காக யாரோ எழுதிக் கொடுத்தது நம்மைக் கட்டி வைக்கும் காகிதம். இனி எழுதுவது பிள்ளையை முன்னே அனுப்பும் காகிதமாக இருக்க வேண்டும்.

இது சிபாரிசு ஆகாதா?

சில தோழர்கள் எங்களிடம் நேராகவே கேட்டார்கள். "சிபாரிசு கூடாது என்று மேடையில் பேசிவிட்டு, இப்போது நீங்களே ஆள் பிடிக்கச் சொல்கிறீர்களா?"

நியாயமான கேள்வி. தகுதியுள்ள ஒருவருடைய இடத்தைத் தகுதியில்லாத ஒருவருக்குப் பிடுங்கிக் கொடுப்பது சிபாரிசு. அதை நாம் எதிர்த்தோம், இனியும் எதிர்ப்போம். தகுதியுள்ள பிள்ளை ஒன்று இந்த மலையில் இருக்கிறது என்று தெரியாதவருக்குத் தெரிவிப்பது அறிமுகம். நேர்முகப் பரீட்சையில் அந்தப் பிள்ளை தன் திறமையில்தான் பதில் சொல்ல வேண்டும். நாம் கேட்பது அந்த நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படும் வாய்ப்பை மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய ஆள் ஒருவரின் கையைப் பிடிப்பதுதான் பழக்கம் என்று மாணவர்கள் நினைக்கக் கூடாது. விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர்தான் முதல் அறிமுகம். இன்று உங்களோடு பருப்பும் சோறும் பகிர்ந்து சாப்பிடுகிற மாத்தறைப் பிள்ளையும், மட்டக்களப்புப் பிள்ளையும், குருணாகல் பிள்ளையும் பத்து வருடத்தில் ஆளுக்கொரு ஹோட்டலில் பொறுப்பில் இருப்பார்கள். உங்கள் பெட்ச்தான் உங்கள் மாமா, சித்தப்பா. ஆகவே சிங்களத்தை விடுதியிலேயே பழகுங்கள். பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி பேசுங்கள். ஆங்கிலமும் அப்படியே வரும். பகிடிவதைக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். 1998 ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம். நடந்தால் மறைக்காமல் பொறுப்பான விரிவுரையாளரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள்.

பயிற்சிக் காலத்தில் பெரிய முகாமையாளரைவிட அறைப் பராமரிப்பு மேற்பார்வையாளரும் சமையலறையின் மூத்தவரும் முக்கியம். உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுபவர்கள் அவர்கள். கட்டிலை ஒழுங்காக விரித்தீர்களா, நேரத்துக்கு வந்தீர்களா, கோபப்பட்ட விருந்தினரிடம் நிதானமாக நின்றீர்களா என்று பார்த்திருப்பவர்கள் அவர்கள். பயிற்சி பெற்ற இடத்திலேயே பலருக்கு முதல் வேலையும் கிடைத்திருக்கிறது.

தோட்டத்தின் பெயரை மறைக்க வேண்டாம். டவுனின் பெயரைச் சொல்லி வந்த அந்தப் பிள்ளை, ஒரு நேர்முகப் பரீட்சையில் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் அடுத்ததாகத் தேயிலையைப் பற்றிக் கேட்டாராம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஏன் எடுக்கிறார்கள், வங்கிக் கொழுந்து என்றால் என்ன, வாட்டும் தட்டில் இலை எத்தனை மணி நேரம் கிடக்கும், மழைக்காலத் தேயிலைக்கும் வெயில்காலத் தேயிலைக்கும் ருசி ஏன் மாறுகிறது என்று அவள் பத்து நிமிடம் பேசியிருக்கிறாள். அதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக நடக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தோட்டத்துப் பிள்ளை என்றதும் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மறைத்தால் நம்மிடம் இருக்கும் அறிவையும் சேர்த்து மறைக்க வேண்டி வருகிறது.

பெற்றோருக்குச் சில வார்த்தை

"பட்டம் படிச்சும் எச்சில் தட்டுத் தூக்கவா போகணும்?" என்று கேட்கும் அப்பாக்களின் மனது எங்களுக்குப் புரிகிறது. கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் பதினாலு வயதில் தட்டுக் கழுவப் போய், கை வெந்து திரும்பிய அண்ணன் தம்பிகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்த நினைவு இருக்கும்வரை அந்தக் கேள்வியும் இருக்கும். ஆனால் இந்தப் படிப்பில் தட்டுத் தூக்குவது ஆரம்பப் பாடம். அந்த வேலை தெரியாதவர் அந்த வேலை செய்பவர்களை நடத்த முடியாது என்பதற்காகவே அதைச் செய்ய வைக்கிறார்கள்.

பெண் பிள்ளையை ஹோட்டலுக்கு அனுப்புவதா என்ற தயக்கமும் உண்டு. ஊர் பேசும் என்ற பயம் வேறு. நம் நாட்டு ஹோட்டல்களில் பெண்கள் மிகக் குறைவாக இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். பயத்தை இல்லை என்று சொல்லாமல், கேள்வியாக மாற்றுங்கள். தங்குமிடம் எங்கே? பெண்களுக்குத் தனி விடுதியா? இரவு வேலை முடிந்தால் வாகனம் உண்டா? முறைப்பாடு செய்ய யார் இருக்கிறார்? இந்த நான்கு கேள்விக்கும் நல்ல பதில் தரும் இடத்துக்குத் தைரியமாக அனுப்புங்கள். பதில் தராத இடத்துக்கு ஆண் பிள்ளையையும் அனுப்ப வேண்டாம்.

செலவையும் மறைக்க முடியாது. கட்டணம் இல்லாவிட்டாலும் விடுதி, சாப்பாடு, பஸ், போட்டோ கொப்பி, போன் டேட்டா, பயிற்சிக்கான உடுப்பு என்று மாதாமாதம் பணம் வேண்டும். மஹபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5000 ரூபாயிலிருந்து 7500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கும் நிதியுதவிக்கும் உரிய காலத்தில் விண்ணப்பம் போட வேண்டும். வருமானச் சான்றிதழுக்காகக் கிராம சேவகரிடம் அலைவதில் பல பிள்ளைகளுக்குக் காலம் தவறியிருக்கிறது. தோட்டத் தலைவர்கள் இதில் கூடப் போய் உதவ வேண்டும்.

தரகரை நம்ப வேண்டாம்

தெரிந்தவர் இல்லாத இடத்தில் தரகர் வந்து உட்காருவார். "டுபாயில் ஹோட்டல் வேலை, கட்டாரில் பயிற்சி, இரண்டு இலட்சம் கொடுத்தால் போதும்" என்று லயத்துக்கே வருகிறார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அந்த இலக்கத்தைக் கேளுங்கள். பணியகத்தில் விசாரித்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். "சும்மா பயிற்சிதான், பிறகு வேலை மாறலாம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

உள்நாட்டிலும் கவனம் வேண்டும். பயிற்சி என்ற பெயரில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு சாப்பாடும் ஒழுங்காகத் தராத இடங்கள் பற்றி மாணவர்கள் எங்களிடம் சொன்னார்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு கொடுப்பனவு, தங்குமிடம், சாப்பாடு, விடுமுறை எல்லாவற்றையும் முதலிலேயே கடிதத்தில் வாங்குங்கள். பயிற்சி முடிந்து வேலையில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். விருந்தினரின் பில்லில் சேவைக் கட்டணம் என்று 10 வீதம் சேர்க்கும் ஹோட்டல்களில் அந்தப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்றும் கேளுங்கள். முகாமையாளராகப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: நாளை நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரும்போது, கீழே நிற்பவர் இந்தக் கேள்விகளைக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

மாதாமாதம் சந்தா கட்டும் உங்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. எங்கள் கருத்தில் நான்கு வேலைகள் உடனே தொடங்க வேண்டும்.

முதலாவது, ஒரு பெயர்ப் பட்டியல். நம் தோட்டங்களிலிருந்து ஹோட்டல், சுற்றுலாத் துறைக்குப் போனவர்கள் யார் யார், எங்கே இருக்கிறார்கள்? பட்டதாரி மட்டும் வேண்டியதில்லை. இருபது வருடம் சமையலறையில் இருந்து பிரதான சமையற்காரராக உயர்ந்தவர், வரவேற்பு மேசையில் இருப்பவர், கப்பலில் வேலை செய்பவர், எல்லோரும் வேண்டும். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் தம் பிரிவில் கேட்டால் ஒரு மாதத்தில் பட்டியல் வந்துவிடும். அவர்களின் சம்மதத்தோடு மாணவர்களுக்குத் தொடர்பு கொடுக்கலாம். நமக்கு யாரையும் தெரியாது என்று சொல்கிறோம். எண்ணிப் பார்த்தால் நம்மவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

இரண்டாவது, கம்பனிகளோடு பேசும் மேசையில் இதையும் வைக்க வேண்டும். தோட்டக் காணியில், தோட்ட பங்களாவில், தேயிலை மலையைக் காட்டிச் சம்பாதிக்கும் ஒவ்வொரு ஹோட்டலும் வருடத்தில் சில பயிற்சி இடங்களைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். தோட்டப் பிள்ளைகளைத் தோட்டக்காரனாகவும் பாத்திரம் கழுவுபவராகவும் எடுத்துவிட்டு "உங்கள் ஆட்களுக்கு வேலை கொடுத்தோம்" என்று கணக்குக் காட்டக் கூடாது. முன்வரவேற்பிலும் கணக்குப் பகுதியிலும் முகாமைத்துவப் பயிற்சியிலும் எத்தனை பேர் என்று கேட்போம்.

மூன்றாவது, ஒரு சிறிய கடன் நிதி. கோட்டு, சப்பாத்து, பஸ் காசு, முதல் மாத வாடகை. இவ்வளவுதான் பல பிள்ளைகளுக்குத் தடையாக இருக்கிறது. வட்டியில்லாமல் கொடுத்து, வேலை கிடைத்த பிறகு சிறுகச் சிறுகத் திருப்பி வாங்கலாம். திரும்பி வருகிற காசு அடுத்த பிள்ளைக்குப் போகும்.

நான்காவது, பாடசாலை விடுமுறையில் ஒரு நாள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டி, இந்தத் துறையில் இருக்கும் நம் ஆட்கள் இரண்டு பேரை முன்னால் உட்கார வைத்துப் பேச வைப்போம். எப்படிப் போனார்கள், எங்கே அவமானப்பட்டார்கள், எப்படித் தாங்கினார்கள் என்று அவர்கள் வாயால் கேட்கட்டும். பெற்றோரும் வரட்டும்.

முடிவாக

அந்த அம்மாவின் மகளுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கூட்டத்தில் இருந்த ஒரு தலைவரின் சொந்தக்காரப் பையன் ஒரு ஹோட்டலில் மேற்பார்வையாளராக இருந்தான். அவனிடம் சொல்லி விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தார்கள். அவள் தன் திறமையால் தேறினாள். இப்போது பயிற்சியில் இருக்கிறாள். அந்த அம்மா சந்தோஷமாக இருக்கிறார், எங்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் இதைச் சங்கத்தின் வெற்றி என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அன்று அந்தத் தலைவர் கூட்டத்துக்கு வராமல் இருந்திருந்தால்? அந்த அம்மா தேத்தண்ணி நேரத்தில் வந்து கேட்கக் கூச்சப்பட்டிருந்தால்? கேட்காமல் வீட்டிலேயே இருந்துவிட்ட அம்மாக்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவருக்கு ஒருவரைத் தெரிந்திருந்ததால் நடந்தது அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்க வேண்டுமென்றால் அது சங்கத்தின் வேலைத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

ஒற்றை ஆளாகத் துரையிடம் போய் நின்றால் கதவு திறக்காது என்றுதான் நம் முன்னோர் சங்கம் கட்டினார்கள். சொந்தக்காரர் இல்லாத இடத்தில் சங்கம் சொந்தமாக நின்றது. பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் நம் பிள்ளைக்கும் அது அப்படியே நிற்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். உங்கள் பிரிவில் இந்தத் துறையில் இருப்பவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். "நம்ம பிள்ளைக்கு யாரைத் தெரியும்?" என்று இன்னொரு அம்மா வந்து கேட்கும்போது, அந்தத் தாள் நம் கையில் இருக்கட்டும்.